பதினோரு மீட்டர்

பஸ் படியில் பை நழுவி விழுந்ததிலிருந்து மிஸ்பா அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பைக்குள் கடலின் ஆழம் அளக்கிற கருவி இருந்தது. கடலோரப் பொறியியல் பயிற்சிக்குப் போன இடத்தில் சார் அவளை நம்பிக் கொடுத்தது. திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும்.

கடலுக்கு வெகுதொலைவில் இருந்த உத்தமபாளையம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கருவியை எடுத்து சுவிட்சைப் போட்டாள். தண்ணீருக்கு வெளியே பூஜ்யம் காட்டவேண்டும். பதினோரு மீட்டர் என்று காட்டியது.

"போச்சும்மா, ஒடச்சுட்டேன். சார்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"கண்ணக் கசக்காத ஆத்தா," என்றாள் அம்மா ரஃபியா. "கெட்டுப்போச்சான்னு அங்கன எப்பிடிப் பாப்பாக?"

கடலுக்குள் கயிற்றில் இறக்கி, பிறகு மூன்று மீட்டர் மேலே தூக்குவார்கள். எண்ணும் மூன்று குறைந்தால் கருவி நன்றாக இருக்கிறது. குறையாவிட்டால் பழுது.

மிஸ்பா கருவியோடு மாடிப்படி ஏறினாள். படிக்குப் படி எண் இறங்கியது. பத்தரை, ஒன்பதரை. மொட்டைமாடியில் கால் வைத்ததும் எட்டில் நின்றது. அத்தா வீடு கட்டும்போது தளத்துக்கு வைத்த உயரம் சரியாக மூன்று மீட்டர்.

"அம்மா, நல்லா இருக்கும்மா! ஒண்ணும் ஆகல!"

"அல்லா காப்பாத்துனான். அப்பிடியே கொடியில கெடக்குற துணிய எடுத்துட்டு வா."

அப்பாடா என்று கைப்பிடிச்சுவரில் சாய்ந்தாள். உச்சிவெயில். பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை. கொடியில் கிடந்த துணிகள் மட்டும் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, சற்று நின்று, கடலடிப் பாசிபோல மறுபக்கம் சாய்ந்தன.