தனியாக இரண்டு நிமிஷம்

"மூணு வருஷத்துல ஒரு ஷேர் வாங்கல, ஒரு ஷேர் விக்கல. அப்புறம் எதுக்கு மெர்ல், வருஷா வருஷம் இவ்வளவு ஃபீஸ்?"

கிரெட்சன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மெர்லின் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நார்த் டகோட்டாவின் பிப்ரவரி, தெருவைப் பனியால் மூடியிருந்தது.

ஷேர் புரோக்கர் மெர்ல் மூன்று கோப்பைகளில் காபி ஊற்றினார். அவரும், கிரெட்சனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா ஆர்விட்டும் உறைந்த ஏரியில் துளை போட்டு ஒன்றாக மீன் பிடித்தவர்கள். ஆர்விட் தன் கோதுமை நிலத்தை விற்ற பணம் அவ்வளவும் மெர்லின் பொறுப்பில்தான் இருந்தது. பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லத்துக்கு அதிலிருந்துதான் மாதா மாதம் போகிறது. அந்த இல்லம் இந்த வருஷமும் கட்டணத்தை ஏற்றிவிட்டது. அம்மாவை எங்கே வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று கிரெட்சனுக்குத் தூக்கமே போய்விட்டது.

"உங்கப்பா தினமும் காலையில எனக்கு போன் பண்ணுவார்மா. பேசுவோம்," என்றார் மெர்ல்.

"பேசறதுக்கா இவ்வளவு காசு? இப்பல்லாம் டிஸ்கவுன்ட் புரோக்கருங்க போன்லயே ஒரு ஆப் குடுத்துடறாங்க. ஃபீஸ்னு ஒண்ணு கிடையாது. தட்டினா வாங்கும், தட்டினா விக்கும்."

"அப்படிக் கேளு!" ஆர்விட் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "இவன்கிட்ட எதைச் சொன்னாலும் நாளைக்குப் பாக்கலாம்தான். சோம்பேறிப் பய!"

மெர்ல் சிரிக்கவில்லை. "கிரெட்சன், உன்கூட ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்."

ஆர்விட்டின் சிரிப்பு நின்றது. "எனக்குத் தெரியாம என்னடா பேச்சு? என் பணம், என் மக."

"அப்பா முன்னாடியே சொல்லுங்க," என்றாள் கிரெட்சன்.

"அது முடியாதும்மா."

"அப்ப வேண்டாம், விடுங்க."

தனியாகக் கூப்பிட்டு மனசைக் கரைக்கிற வித்தை அவளுக்குத் தெரியாதா? கணக்கை மாற்றும் தாளில் ஆர்விட் கையெழுத்துப் போட்டார். மறு வாரமே பணம் முழுவதும் ஆப்புக்கு மாறியது. அப்பாவின் போனில் அதைப் போட்டு, எப்படித் தட்டுவது என்றும் அவளே சொல்லிக்கொடுத்தாள். மெர்ல் இரண்டு முறை அவளை போனில் கூப்பிட்டார். போன கிராக்கியைத் திரும்பப் பிடிக்க அலைகிறார் என்று நினைத்து அவள் எடுக்கவே இல்லை.

ஏப்ரலில் பனி கரைந்து ரோடெல்லாம் சேறாகிக் கிடந்தபோது, பராமரிப்பு இல்லத்திலிருந்து போன் வந்தது. இந்த மாதப் பணம் வரவில்லையாம்.

கிரெட்சன் அலறியடித்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு ஓடினாள். சமையலறையில் ரேடியோ சத்தமாக மார்க்கெட் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆர்விட் போனும் கையுமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"நீ சொன்னது நிஜம்மா. தட்டின உடனே வாங்குது!"

போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பழைய நல்ல ஷேர்கள் ஒன்றுகூட இல்லை. கேள்விப்பட்டே இராத கம்பெனிகள், காலைக்கு ஒன்றாக வாங்கியவை, வரிசையாகச் சிவப்பில் கிடந்தன. பாதி மண்ணோடு மண்ணாகியிருந்தன. அம்மாவுக்கென்று இருந்ததில் கால்வாசிகூட மிஞ்சவில்லை.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? மெர்ல்கிட்ட இருந்தப்ப மூணு வருஷம் எதையுமே தொடலையே!"

"யாரு சொன்னா? தினமும்தான் கேட்டேன். ரேடியோவுல நல்ல கம்பெனின்னு ஒரு பேரைச் சொன்ன உடனே, வாங்குடான்னு போன் போடுவேன். அந்தப் பயதான், 'வாங்கிடலாம் ஆர்விட், நாளைக்குக் காலையிலயும் அந்தப் பேரு ஞாபகம் இருந்தா கூப்பிடு'ன்னு சொல்லிடுவான்."

கிரெட்சன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வருஷத்துல ஒரு நாளாவது ஞாபகம் இருந்துச்சாப்பா?"

ஆர்விட் ரேடியோவிலிருந்து முகத்தைத் திருப்பி, அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"எதும்மா?"