வகுபடாத பூரணி

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஜாதகம் ஒழிந்து, குடிமக்கள் எண்ணில் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பதிவான காலம் அது. மாப்பிள்ளை எண்ணும் பெண் எண்ணும் இரண்டாலோ மூன்றாலோ ஏழாலோ, எதனாலாவது சேர்ந்தாற்போல மீதியில்லாமல் வகுபட வேண்டும். தணிகாசலத்தின் மகள் பூரணிக்கு வாய்த்ததோ ஒரு பதினாறு இலக்க எண். அது பகா எண், எதனாலும் வகுபடாது என்று பொருத்த அலுவலக மெஷின் சொல்லிவிட்டது.

"இன்னொரு தடவை பாருங்கம்மா," என்று கெஞ்சினார் தணிகாசலம்.

"மெஷினை மீறி நான் கையால வகுக்கணுமாக்கும்! போங்க பெரியவரே," என்றாள் அலுவலகப் பெண்.

பூரணியை விரும்பிய திருவரசு ஆறு வருஷம் காத்திருந்தான். "என் எண் ரெண்டால, மூணால, ஏழால, எதால வேணா வகுபடும் மாமா. ஊர்ல பாதிப் பேரோட ஒத்துப்போகும். இவளோட மட்டும் ஆகாதாம்," என்று அழுதான். தை பிறந்ததும் வேறொருத்திக்குத் தாலி கட்டினான்.

அன்று பூரணி, "நான் யாரோடயும் சேராத பிறவியாப்பா?" என்று கேட்டாள். தணிகாசலம் தினமும் செய்வதுபோல, வாசலில் அவள் எண் பொறித்த பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் துலக்கப் போய்விட்டார்.

அந்த எண்ணின் கடைசி இலக்கம் எட்டு.