மஃரிபுக்கு முன் ரெண்டு வெடி

"டுமீல்!"

இப்ஹாம் தேநீர்க் கோப்பையை டக்கென்று வைத்தான்.

"இன்னும் ஒண்டு இருக்கு, கேட்டுக்கொண்டிரு."

சொல்லி வாய் மூடவில்லை. காட்டோரத்திலிருந்து அடுத்த வெடியும் கேட்டது.

"தோட்டா விலை மூணு மடங்காப் போச்சு. இந்தத் தாஹிர் நானா அந்திக்கு அந்தி மரத்தில டின்பால் டின்னைத் தொங்கவிட்டுச் சுட்டு விளையாடுறார்!"

"அவர்ட துவக்கு, அவர்ட தோட்டா. உங்களுக்கு என்ன?" என்றாள் மனைவி றிஷ்னா.

"எனக்கு என்னவா? நாளைக்கு வயலுக்குக் காட்டுப் பண்டி இறங்கினா நான் கையையா தட்டுற?"

அவனிடமும் துவக்கு இருந்தது. தோட்டாதான் இல்லை. புத்தளம் டவுனுக்கு இரண்டு தரம் போய் வெறுங்கையோடு வந்திருந்தான். விலை இன்னும் ஏறும் என்று தாஹிர் நானா முன்கூட்டியே வாங்கி அலுமாரியில் அடுக்கிவிட்டார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போனான்.

"நானா, நாலே நாலு தோட்டா தாங்க. விலையைத் தாறன்."

"ஏலாது தம்பி. எண்ணித்தான் வச்சிருக்கன். அறுவடை முடியுமட்டும் காணணும்."

இப்ஹாமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அறுவடையா? காணியை வித்துப் பத்து வருசம். உங்களுக்கு எங்க நானா அறுவடை?"

தாஹிர் நானா சிரித்தார். "வயசு போன காலத்தில ஒரு விளையாட்டு, விடு தம்பி."

அந்தச் சிரிப்பு அவனை இருக்கவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பொலிசுக்குப் பெட்டிசம் எழுதினான். 'வயலே இல்லாதவருக்கு எதற்குப் பயிர்க்காவல் துவக்கு?' லுஹர் தொழுகைக்குள் ஆறு கையெழுத்தும் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு பொலிஸ் வந்தது. துவக்கும் போனது, தோட்டாவும் போனது. தாஹிர் நானா கூட்டத்தில் நின்ற இப்ஹாமிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"இனி அந்திக்கு உன்ட வயலைப் பார்த்துக்கொள் தம்பி."

"கேட்டியா? என்னை வெருட்டுறார்!" என்றான், வீட்டுக்கு வந்து றிஷ்னாவிடம்.

அன்று மஃரிப் தொழுகைக்கு முன் வெடி கேட்கவில்லை. கேட்காத வெடிக்காகக் காது காத்துக்கொண்டே இருந்தது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். ஊற்றிய தேநீர் ஆறிப் போனது.

"நினைச்சது நடந்திட்டுத்தானே, இருங்களன்" என்றாள் றிஷ்னா. அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குப் போனவன் வரம்பிலேயே நின்றுவிட்டான். ஒரு கிழமையில் அறுக்க இருந்த நெல், சேற்றோடு சேறாய்க் கிடந்தது. கிடாரம் கிடாரமாய் யானைக் காலடிகள்.

அடியைப் பிடித்துக் காட்டோரம் வரை நடந்தான். யானைகள் இறங்கிய வழியில் அந்த மரம் நின்றது. கிளையில் தாஹிர் நானாவின் டின்கள் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

இத்தனை மாதம் சுட்டும், ஒரு டின்னில்கூட ஓர் ஓட்டை இல்லை.