அரை நொடி அசைவு

"செத்தவ எங்கேயாவது மூச்சு விடுவாளா, தூசியக்கா? நீங்களே பாருங்க!" என்று திரையை விரலால் தட்டிக் காட்டினார் மேலாளர்.

"திரையில கை வைக்காதீங்க, தம்பி. ரேகை படியும்," என்று துணியை எடுத்தாள் தூசியக்கா.

பெற்றவர்கள் இட்ட பெயரன்று அது. பழைய படச்சுருள்களில் படிந்த தூசியையும் கீறலையும் கணினியில் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பவளுக்கு அலுவலகம் சூட்டிய பெயர். காலை ஒன்பது மணிக்கு அமர்ந்தால், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கன்றித் தலை நிமிர மாட்டாள். முப்பது ஆண்டுகளில் மேலிடம் சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை.

இப்போது கையிலிருந்தது, மகனைப் பறிகொடுத்த அரசி நஞ்சருந்தி மடியும் கதை. பழைய நாடகமொன்றை இருமுறை படமாக்கியிருந்தார்கள்: கறுப்பு வெள்ளையில் ஒன்று, சென்ற ஆண்டு வண்ணத்தில் ஒன்று. மறுநாள் விழாவில் இரண்டையும் அடுத்தடுத்துத் திரையிட ஏற்பாடாகியிருந்தது.

"புது அரசியைப் பாருங்க," என்றார் மேலாளர். "தரையில புரண்டு, தலைமுடியைப் பிச்சுக்கிட்டு, என்னமா அழுறா! செத்ததும் கல்லு மாதிரி கிடக்கிறா. பழைய அம்மா? படம் முழுக்கத் தூணுக்குப் பின்னாடியே நிக்கிறாங்க. வெளியே வந்தா, ஆளையே முழுங்குற சால்வை. மகன் செத்த சேதி வரும்போதுகூட ஓடல, விழல. வயித்துல கையை வச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறாங்க. அந்தம்மாவுக்கு நடிப்பே வரலை!"

"அந்தக் கையைப் பாருங்க, தம்பி. புதுசு அழுது காட்டுறா. இவங்க எதையோ பொத்திக் காப்பாத்துற மாதிரி நிக்கிறாங்க. போன பிள்ளையை இவங்க இன்னும் விடல."

"ஆகா! உங்களுக்கும் இந்தப் படத்துக்கும் ஒரே வயசு. அதான் இவ்ளோ பாசம்!"

தூசியக்கா சிரித்துக்கொண்டாள். மேலாளர் விடவில்லை.

"சரி, நடிப்பு கிடக்கட்டும். செத்த அரசிக்குச் சால்வையைப் போர்த்திட்டு அரசன் அழுறான். அப்பப் பார்த்து வயித்து மேல சால்வை குபுக்குன்னு எழும்புது. புதுசைப் பார்த்த கண்ணோட இதைப் பார்த்தா அரங்கமே சிரிச்சிடும். பதினோரு ஃபிரேம், அரை நொடிதானே? முந்தின ஃபிரேம்லேருந்து சால்வையை மட்டும் எடுத்து மேல ஒட்டிடுங்க. அசைவு நின்னுடும். மூணு மணிக்கு வாங்கிக்கிறேன்."

அவர் போனபின், தூசியக்கா அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். அவள் வீட்டில் இருந்தது இதே பழைய படத்தின், பலமுறை ஓடித் தேய்ந்த பிரதி. அதில் இந்த இடம் வெறும் மூட்டமாகத்தான் தெரியும். இருபது நாள் மெல்ல மெல்லத் துடைத்த பிறகு, இன்றுதான் சால்வையின் மடிப்பு தெளிந்திருந்தது. ஏழாவது ஃபிரேமில் அது மிகவும் உயர்ந்து, சின்னஞ்சிறு மேடாய் நின்றது. அதற்குமேல் அவள் நகர்த்தவில்லை.

மணி மூன்று அடித்தது.

"என்னக்கா இது? நீங்களே திரையில கை வச்சிருக்கீங்க!" என்று வாசலிலேயே நின்றுவிட்டார் மேலாளர். "முடிஞ்சுதா?"

அவள் உள்ளங்கையை எடுக்கவில்லை.

"தூசியெல்லாம் எடுத்துட்டேன், தம்பி. அசைவை எடுக்கலை. எடுக்கவும் மாட்டேன்."

முப்பது ஆண்டுகளில் கேட்டறியாத சொல் அது. மேலாளருக்குத் தம் காதையே நம்ப முடியவில்லை.

"செத்தவ மூச்சு விட்டா ஜனங்க சிரிப்பாங்க, அக்கா!"

"சிரிக்கட்டும். ஆனா அது அவங்க மூச்சில்லை. அவங்க மூச்சை அடக்கிக்கிட்டு நல்லாத்தான் நடிச்சிருக்காங்க," என்றாள் தூசியக்கா, மெல்லிய குரலில். "உள்ளே இருந்து உதைச்சது நான். என்னைப் பெத்த அன்னிக்கே அம்மா போயிட்டாங்க, தம்பி. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்திருக்கிற படம் இது ஒண்ணுதான்."