இருபத்தெட்டு மிளகாய்

“எல்லா ஜன்னலையும் சாத்து. மாடிப்படிப் பக்கக் கதவை மட்டும் திறந்து வை. ஃபேனை அந்தப் பக்கம் திருப்பு” என்றார் பெரியவர்.

மனைவி திருப்பினாள். மின்விசிறி அடுப்படி நெடியை அள்ளிக்கொண்டுபோய், மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரின் வாசலில் கொட்டத் தொடங்கியது.

அடுப்பில் பெரிய பாத்திரம். வான்கோழித் தொடையை எலும்போடு துண்டு போட்டுச் சிவக்க வதக்கியிருந்தார். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே அளவில் நறுக்கித் தயாராக இருந்தன. முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத்துக்கு நிலம் அளந்த கை அது. கேரட்டைக்கூடக் கோணலாக விடாது.

“ஏங்க, மிளகாய் இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தியா இருக்கே?” மனைவி இருமினாள்.

“இருபத்தெட்டு. அவன் எண்ணினதுக்கு ரெண்டு மடங்கு!”

மூன்று நாளாக அந்த மொட்டைக் கடிதம் அவர் சட்டைப் பையில் கனன்றுகொண்டிருந்தது. குடியிருப்போர் சங்கப் பலகையில், நாலு பேர் பார்க்க ஒட்டியிருந்ததைக் கிழித்து எடுத்து வந்திருந்தார். ‘தரைத்தள வீட்டில் ஞாயிறுதோறும் பதினான்கு மிளகாய் அரைத்துக் குழம்பு வைக்கிறார்கள். தாங்க முடியவில்லை. நிறுத்தச் சொல்லவும்.’ தட்டச்சு செய்த தாள். கையெழுத்து இல்லை.

தாத்தா வைத்த குழம்பு. அப்பா கைபிடித்துக் கற்றுக்கொடுத்த குழம்பு. அதைப் பலகையில் ஏற்றுவதும் குடும்பத்தின் முகத்தில் காறி உமிழ்வதும் அவருக்கு ஒன்றுதான்.

“டாக்டர்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

“படியில என்னைப் பார்த்தாலே கர்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டு ஓடறானே, அது போதாதா? பதினாலுன்னு எண்ணிச் சொல்லியிருக்கான் பாரு. ஜன்னல்ல எட்டிப் பார்த்திருக்கான், திருட்டுப்பய!”

“பாவங்க, தனியா இருக்கிற புள்ள...”

“நீ சும்மா இரு. ஒரு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். தின்னட்டும். தின்னுட்டு அழட்டும். மேசையில தண்ணி வைக்காதே.”

ஒரு மணிக்கு டாக்டர் வந்தார், வாயில் கர்சீப்போடு. பெரியவர் தன் கையாலேயே பரிமாறினார், தட்டு வழிய வழிய.

முதல் வாயில் டாக்டரின் காது சிவந்தது. இரண்டாவது வாயில் கண்ணில் நீர் கொட்டியது. பெரியவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

“என்ன டாக்டர், போதுமா?”

“இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க ஐயா. அந்த எலும்பையும் சேர்த்து.”

பெரியவரின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“ஒன்றரை வருஷமா இந்த வாசனையை மோந்துக்கிட்டே வெறும் ரொட்டியைத் தின்னுட்டிருக்கேன் ஐயா. உங்க வாசலைத் தாண்டும்போதெல்லாம் வாயில எச்சில் ஊறும். நீங்க பார்த்துடுவீங்களேன்னு பொத்திக்குவேன்.”

பெரியவர் கடிதத்தை எடுத்து மேசையில் வீசினார். “அப்ப இது?”

டாக்டர் படித்துவிட்டுத் தலையை உதறினார். “சத்தியமா நான் இல்லைங்க. இதை நிறுத்தச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?”

வாய் நிறைய இறைச்சியை வைத்துக்கொண்டு யாரும் அப்படிப் பொய் சொல்ல முடியாது. பழிவாங்கல் வீணாகிப்போன ஆத்திரம் பெரியவரின் தலைக்கு ஏறியது. மேசையில் ஓங்கி அறைந்தார்.

“பின்ன எந்தக் கோழை எழுதினான்? ஆம்பளையா இருந்தா என் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கணும்!”

அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவி, குடித்துக்கொண்டிருந்த பால் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“நேர்ல முப்பத்தெட்டு வருஷம் சொல்லிப் பார்த்துட்டுத்தாங்க எழுதினேன்.”