தெரியாது என்று சொன்னவள்

பேராசிரியர் மேஜையில் ஓங்கி அடித்த அடியில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது.

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணைவேந்தர்தான் கைக்குட்டையை எடுத்து, மேஜை விரிப்பில் ஓடிய தேநீரை ஒற்றினார்.

கோட்பாட்டு இயற்பியலுக்கு ஒரு விரிவுரையாளர் வேண்டும். ஒரே ஓர் இடம். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பலகை முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சல்லடை போட்டுச் சலித்ததில் மிஞ்சியது இரண்டு பேர். கோட்டு போட்ட ஓர் இளைஞன். கடைசியாக வந்த ஒரு பெண்.

துணைவேந்தர் படித்தது நிர்வாகவியல். இருந்தாலும் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: காலம் ஏன் முன்னால் மட்டும் போகிறது?

இளைஞன் கண் இமைக்கவில்லை. திரையில் ஒரு வண்ணப்படத்தைப் போட்டான். உடைந்த முட்டை மறுபடி ஒட்டாது, அதனால் காலமும் திரும்பாது என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடித்தான். துணைவேந்தர் எழுந்து நின்று கைதட்டாததுதான் பாக்கி.

அந்தப் பெண் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"முழுசா எனக்குத் தெரியாது சார். இதுவரைக்கும் யாருக்குமே தெரியாது. எதுவரைக்கும் தெரியும்னு வேணா சொல்றேன்."

அப்புறம் பலகையை அழித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். தனித்தனி அணுக்களின் விதிகளில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோடானுகோடி அணுக்கள் சேர்ந்தால் கலைவதற்கு ஆயிரம் வழி, அடுக்கி நிற்பதற்கு ஒரே வழி. சரி, அப்படியானால் ஆதியில் எல்லாம் ஏன் அடுக்கியே இருந்தது? அந்தக் கேள்விக்குக் கீழே நீளமாக ஒரு கோடு கிழித்தாள். இதற்கு அப்பால் இருட்டு என்றாள்.

அவள் வெளியே போனதும் துணைவேந்தர் உதட்டைப் பிதுக்கினார். பிள்ளைகள் முன்னால் இப்படிக் கையை விரித்தால் எவன் மதிப்பான் என்றார். அவர் கொட்டாவி விட்டாலும் ஆமாம் போடுகிற துறைத்தலைவர் இதற்கும் போட்டார்.

அப்போதுதான் அந்த அடி விழுந்தது.

வெளியூரிலிருந்து நிபுணராக அழைக்கப்பட்டவர் பேராசிரியர். கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனாலும் இந்த அளவுக்குக் கத்துவார் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். முட்டை ஏன் ஒட்டாது என்பதுதானய்யா கேள்வி, கேள்வியையே திருப்பிச் சொன்னவனுக்கா வேலை என்று கத்தினார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற ஆட்களால்தான் இந்தப் படிப்பே பாழாகிறது என்று கத்தினார். வாசலில் நின்ற பணியாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

உண்மையில், கோபம் இவர்கள் இருவர் மேல் மட்டும் இல்லை. அவள் பாடம் நடத்திய நேரம் முழுக்க, எங்கேயாவது சறுக்குவாளா என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களிடம் கேட்காத கேள்விகளையெல்லாம் அவளிடம் கேட்டார். வளைத்து வளைத்துக் கேட்டார். அவள் சறுக்கவில்லை. அந்த எரிச்சலும் இந்தக் கத்தலில் சேர்ந்திருந்தது.

துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தி, அந்தப் பெண் அவருடைய மாணவியா என்று கேட்டார். சொந்தமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

"எனக்கு அவ யாரும் இல்ல. இன்னிக்குத்தான் முகத்தையே பார்க்கிறேன்!"

அது பொய்யில்லை.

நிபுணரின் கையெழுத்து இல்லாமல் நியமனம் செல்லாது. அந்தப் பையனுக்குத்தான் வேலை என்றால் கையெழுத்துப் போட மாட்டேன், ஏன் போடவில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்வேன் என்றார். துணைவேந்தர் கடுகடுத்த முகத்தோடு அவள் பெயரை எழுதினார். பேராசிரியர் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்.

நடைபாதை பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"உங்களை உள்ளே பார்த்ததுமே இந்த வேலை இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன் சார். வந்த வழியே திரும்பிடலாம்னுகூட நினைச்சேன்."

வாழ்நாளெல்லாம் பேராசிரியர் கட்டிய கோட்பாடு ஒன்று இருந்தது. பாடப்புத்தகங்களில் அவர் பெயராலேயே அதை அழைத்தார்கள். அது அடிப்படையிலேயே தவறு என்று காட்டி, பதினோரு பக்கத்தில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்பிறகு புத்தகங்களிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். மாநாடுகளுக்கு அழைப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

எழுதியவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"அதுல ஒரு தப்பாவது இருக்கும்னு மூணு வருஷமா தேடிட்டிருக்கேன்," என்றார். குரலில் சூடு இன்னும் ஆறவில்லை.

"கிடைச்சுதா சார்?"

"கிடைச்சிருந்தா உள்ள உனக்காக நான் ஏம்மா தொண்டை கிழியக் கத்தப் போறேன்?"