ஐந்நூறு பவுண்டுக்குள்

"உங்க ரேட்டுல ஹீட்டர் போட முடியல தம்பி. வேற மின்சாரக் கம்பெனிக்கு மாறணும். பழைய பாக்கியைத் தவணையில கட்டிட்டிருக்கேன், மீட்டரோட தினசரி வாடகை சேர்ந்து ஏறிட்டேதான் இருக்கு. விடுவீங்களா?" ரெக்சம் ஊரிலிருந்து போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள் கிளெனிஸ்.

"ப்ரீபெய்டு மீட்டர்தானே மேடம்? ஐந்நூறு பவுண்டுக்குள்ள இருந்தா பாக்கியோடவே மாறலாம். உங்களுக்கு நானூத்தி எண்பதுதான். இன்னிக்கே மாறிடுங்க!" என்றான் கம்பெனி ஊழியன் ஹியூ.

"போகாதீங்கன்னு நீ கெஞ்சுவேன்னு பார்த்தா, துரத்துறியே! மேனேஜர் திட்ட மாட்டாரா?"

"வேலையை விட்டே தூக்குவார்."

"அப்புறம் ஏன்ப்பா?"

ஹியூ குரலைத் தாழ்த்தினான்.

"என் வீட்டுக்கும் இதே கம்பெனிதான் மேடம். போன மாசம் மாறப் பார்த்தேன். பாக்கி ஐந்நூத்திப் பத்து. விடமாட்டேன்னுட்டாங்க. உங்களுக்கு இன்னும் இருபது பவுண்டு ஏறுறதுக்குள்ள ஓடிடுங்க!"